முக்கு வீட்டுக்கு எந்தக் கேபிள்

அப்பா ஓய்வு பெற்ற வருஷம்தான் பாளையங்கோட்டையில் எங்கள் வீடு கட்டி முடிந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருச்செந்தூர் ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி, வயலை மண் போட்டு மேடாக்கி மனைகளாகப் பிரித்த காலனி. மண் இன்னும் இறுகவில்லை. மழை பெய்தால் தவளைகள் வாசற்படி வரை வந்து கத்தும். அப்பா அவற்றைத் துடைப்பக்கட்டையால் அடித்துத் தெருவில் எறிவார். எறிந்த பிறகு எது எங்கே விழுந்தது என்று ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்.

அப்பா வருவாய்த் துறையில் இருந்தவர். மனுவோடு வருகிறவர்களை நிற்க வைத்துப் பேசியே முப்பது வருஷத்துக்கு மேல் பழகிவிட்டார். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் குளித்து, விபூதி பூசி, சட்டை போட்டுக்கொண்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. பதினோரு மணி வாக்கில் அம்மாவைக் கூப்பிட்டு, மோரில் உப்பு ஏன் கூடிற்று என்று விசாரிக்க ஆரம்பித்தார். அம்மா பதில் சொல்லி முடிப்பதற்குள் சமையலறையில் பால் பொங்கி வழிந்து, அதற்கு ஒரு தனி விசாரணை நடந்தது. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றே கேபிள்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் இல்லை, இரண்டு பேர். டவுனில் வாடகை வீட்டில் இருந்தவரைக்கும் எங்களிடம் இருந்தது மாடியில் நட்ட ஆன்டெனாதான். கொடைக்கானல் டவரில் இருந்து அரசாங்கச் சானல் வரும். காற்று சரியாக இருந்தால் இலங்கைச் சானலும் வரும். அம்மாவுக்கு மத்தியானத் தொடர்கள் பார்க்க ஆசை. புது வீட்டுக்குப் போனால் கேபிள் போடலாம் என்று அப்பா எப்போதோ சொன்னதை அவள் மறக்கவே இல்லை. கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிய சேலையைக் கூட இவ்வளவு எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

முதலில் வந்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கும். நெற்றியில் பொட்டு இல்லை. கையில் சுருட்டிய கறுப்பு ஒயர், இடுப்பில் செருகிய கட்டிங் பிளேயர். வாசலுக்கு வெளியே நின்று, "ஐயா, இந்தப் பக்கம் பூராவும் நாங்கதான் கேபிள் குடுக்கோம். எங்க வீட்டுக்காரர் ஆரம்பிச்சது. ஒங்க வீட்டுக்கும் இழுத்துத் தாரேன்" என்றாள்.

அவள் பேசி முடிப்பதற்குள் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவன் வெள்ளைச் சட்டை, கையில் ஸ்வீட் பெட்டி. அவளைத் திரும்பிப் பார்க்காமலே நேராக உள்ளே வந்து அப்பாவிடம் பெட்டியைக் கொடுத்தான். "அண்ணாச்சி, புது வீடு நல்லா அமையணும். கேபிள் நம்மகிட்ட வாங்கிக்கிடுங்க. மைனிகிட்ட இருக்கது பழைய டிஷ்ஷு. மழை பேஞ்சா புள்ளி அடிக்கும்."

மைனி என்று அவன் சொன்னது வாசலில் நின்ற அந்தப் பெண்ணைத்தான். அவன் அவளுடைய கொழுந்தன். அவள் புருஷன் துபாயில் சம்பாதித்துக்கொண்டு வந்து மாடியில் டிஷ் வைத்துத் தொழில் ஆரம்பித்தவன். தம்பியைக் கூட வைத்துக்கொண்டு தெருத் தெருவாக ஒயர் இழுத்திருக்கிறான். ஒரு மழைக்காலத்தில் அப்படி இழுக்கும்போது ஒயர் கரண்ட் கம்பியில் விழுந்து செத்துப்போனான். கருமாதி முடிந்த கையோடு தம்பி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தனி டிஷ் வைத்து, அண்ணன் இழுத்த தெருக்களை ஒவ்வொன்றாக வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தான். இதெல்லாம் அன்றைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு வாத்தியார் அப்பாவிடம் சொன்னது.

இரண்டு பேருக்கும் எங்கள் வீடு ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்பதையும் அவர்தான் விளக்கினார். எங்கள் வீடு தெருவின் முக்கு வீடு. எதிர் மனை காலியாக முள் மண்டிக் கிடந்தது. மெயின் ரோட்டில் இருந்து உள்ளே வருகிற எந்த ஒயரும் எங்கள் மாடிச் சுவரில் கட்டித்தான் போக முடியும். தூரம் போகப் போகப் படம் மங்கும் என்பதால் நடுவில் ஒரு பூஸ்டர் பெட்டி வைக்க வேண்டும். அந்தப் பெட்டிக்கு எங்கள் வீட்டில் இருந்துதான் கரண்ட் எடுக்க முடியும். நாங்கள் யாரிடம் கேபிள் வாங்குகிறோமோ அவருக்குத்தான் தெரு முழுவதும்.

இதைக் கேட்ட அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிவு வந்ததே இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒயர இழுங்க. ரெண்டு படத்தையும் பாத்துட்டு எதுன்னு சொல்லுதேன்" என்றார்.

அப்படியாக எங்கள் முன்னறை ஜன்னல் வழியாக இரண்டு ஒயர்கள் உள்ளே வந்து டிவிக்குப் பின்னால் தொங்கின. ஒருநாள் இதைச் செருகுவார், ஒருநாள் அதை. எதைச் செருகினாலும் ஒரு குறை இருக்கும். ஆள் அனுப்பி வரவழைப்பார். கொழுந்தன் தன்னிடம் வேலை பார்க்கிற ஆளை அனுப்புவான். அவளுக்கு ஆள் கிடையாது, அவளே வருவாள். வெயிலில் வாசலில் நிற்க வைத்து, "பச்சைக் கலர் கொஞ்சம் கூடுதலா வருதே, ஏன்?" என்று கேட்பார். அவள் மாடிக்கு ஏறி இறங்கி, இணைப்பைச் சுரண்டித் திரும்ப மாட்டி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இப்பப் பாருங்க ஐயா" என்பாள். அப்பா டிவியைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, "சரி, போ. பரிசீலனையில இருக்கு" என்பார்.

ஒருநாள் அம்மா அவளுக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். உள்ளே வந்து, "ஏதாவது ஒண்ணச் சொல்லிருங்களேன். பாவம், அந்தப் பிள்ள வெயில்ல அலையுது" என்றாள்.

"பாவம் பாத்தா படம் தெளிவா வருமா?" என்றார் அப்பா.

அம்மாவுக்கு அந்தப் பெண்ணைத்தான் பிடித்திருந்தது. எனக்கும்தான். அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. இந்த விஷயத்தில் அதுதான் அவளுக்குக் கெடுதலாக முடிந்தது என்று பிற்பாடு நினைத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவு சொல்வதாக அப்பா இரண்டு பேரையும் வரச் சொன்னார். தெருவில் இருந்த ஆண்களையும் கூப்பிட்டிருந்தார். பக்கத்து வீட்டு வாத்தியார், கடைசி வீட்டு பாய், இன்னும் நாலைந்து பேர். நாற்காலிகள் போட்டு, எல்லாருக்கும் காப்பி. கொழுந்தனுக்கும் ஒரு நாற்காலி. அவள் கதவை ஒட்டி நின்றாள். நானும் அம்மாவும் சமையலறை வாசலில் நின்றோம்.

அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளிடம் கேட்டார். "ஒன் வீட்டுக்காரன் எப்படிச் செத்தான்?"

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. பாய் காப்பியைக் கீழே வைத்தார்.

"ஒயர் இழுக்கைல... கரண்ட் கம்பியில விழுந்து," என்றாள் அவள்.

"ஒயரோட அடுத்த முனையை யார் பிடிச்சிருந்தா?"

அவள் நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தாள். "கொழுந்தன்."

"அவனுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

"அவுக ரப்பர் செருப்புப் போட்டிருந்தாவ."

"ஒன் வீட்டுக்காரன்?"

வாத்தியார், "சார், இதெல்லாம் இப்ப எதுக்கு..." என்று ஆரம்பித்தார். அப்பா கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். சர்வீஸில் எத்தனையோ விசாரணை நடத்திய கை அது. சத்தத்தைக் கொஞ்சமும் கூட்டாமல், "ஒன்னத்தான் கேக்கேன். செருப்புப் போட்டிருந்தானா, இல்லையா?" என்றார்.

"இல்ல."

"ஏன்?"

"சேறா இருந்துச்சு. நான் கழுவிக் காயப் போட்டிருந்தேன்."

"எங்க?"

"மாடிச் சுவத்துல."

"அவன் கேட்டானா, செருப்பு எங்கன்னு?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா காத்திருந்தார். அவருக்கு அவசரமே இல்லை. காப்பி டம்ளரின் விளிம்பில் ஒட்டியிருந்த ஆடையை விரலால் எடுத்து ஓரமாக வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் தலையை ஆட்டினாள். கேட்டான் என்று.

"நீ என்ன சொன்ன?"

"ஈரமா இருக்கு, பொறவு போட்டுக்கிடுங்கன்னு சொன்னேன்."

கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கே இந்தச் செருப்புச் சமாச்சாரம் அன்றைக்குத்தான் தெரியும் என்று நினைக்கிறேன். முகத்தில் ஏதோ ஓடியது. துக்கமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவன் தலையை நிமிர்த்தியபோது அவளைப் பார்த்த பார்வை, இனி இவளுக்கு நாம் எதுவும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்கிற பார்வை.

அப்பா எல்லாரையும் பொதுவாகப் பார்த்தார். "செருப்ப எடுத்துக் குடுக்கத் தெரியாதவகிட்ட ஒரு தெருவ நம்பி ஒப்படைக்க முடியுமாவே? நீங்களே சொல்லுங்க."

பாய் காப்பி டம்ளரைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். அப்பா கொழுந்தன் பக்கம் திரும்பி, "நாளைக்கே பெட்டிய வச்சிரு" என்றார்.

அவள் அழுதுகொண்டே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. உள்ளே வந்து, டிவிக்குப் பின்னால் குனிந்து, தன் ஒயரைக் கழற்றினாள். ஜன்னல் வழியாக அதை இழுத்து, முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே சுற்றிக்கொண்டே வெளியே போனாள். ஆண்கள் கால்களைத் தூக்கி வழிவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் போய் ஒயர் சிக்காமல் எடுத்துவிடலாம் என்று ஒரு அடி வைத்தேன்.

"ஏட்டி, உள்ள போ," என்றார் அப்பா.

மறுநாள் பூஸ்டர் பெட்டி எங்கள் மாடிச் சுவரில் ஏறியது. அதன் சுவிட்ச் முன்னறையில், அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் கை எட்டுகிற உயரத்தில். அந்தப் பெண்ணின் ஒயர்கள் தெருவில் துண்டு துண்டாக வெட்டப்பட்டு மின்கம்பங்களில் தொங்கின. பாய் வீட்டுக் கோழி ஒன்று அதில் கால் சிக்கி ஒருநாள் முழுக்கக் கத்தியது.

சுவிட்ச் என்ன செய்யும் என்று அப்பா தற்செயலாகத்தான் தெரிந்துகொண்டார். ஒரு சாயங்காலம் ஃபேனுக்குப் பதிலாக அதை அணைத்துவிட்டார். எங்கள் டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பெட்டிக்கு முன்னாலேயே பிரித்து எடுத்த இணைப்பு. ஐந்து நிமிஷத்தில் தெருவில் கதவுகள் திறக்கிற சத்தம். "ஒங்க வீட்ல வருதா? எங்க வீட்ல போயிருச்சு" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். வாத்தியார் எங்கள் கேட்டுக்கு வந்து, "சார், ஒங்களுக்குப் படம் வருதா?" என்றார். அப்பா அவரையும் சுவிட்சையும் பார்த்தார். "வருதே" என்றார். வாத்தியார் போன பிறகு சுவிட்சைப் போட்டார். வீடுகளில் இருந்து ஒரே நேரத்தில் டிவிச் சத்தம் எழுந்தது. அப்பா சிரித்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அது அவருடைய ஆபீஸ் ஆகிவிட்டது. வாத்தியார் வீட்டு முருங்கை மரம் எங்கள் சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தது. கம்பளிப்பூச்சி வருகிறது, வெட்டுங்கள் என்று அப்பா சொன்னார். காய்ப்பு முடியட்டும் சார் என்றார் வாத்தியார். அன்று சாயங்காலம் தெருவில் படம் நின்றுபோயிற்று. மறுநாளும். கொழுந்தன் வந்து மாடியேறிப் பார்த்தான். சுவிட்ச் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கு எங்கள் சுவர் வேண்டும், அதனால் வாயைத் திறக்கவில்லை. "ஐயா, கொஞ்சம் தயவு பண்ணணும்" என்று மட்டும் சொன்னான்.

"முருங்கை மரத்த வெட்டச் சொல்லு. பூச்சி ஒயரக் கடிக்கும்லா," என்றார் அப்பா.

கிரிக்கெட் மேட்ச் நெருங்கிக்கொண்டிருந்தது. கொழுந்தன் மூலம் விஷயம் தெரிந்த தெரு ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எல்லாரும் வாத்தியார் வீட்டுக்குத்தான் போனார்கள். ஒரு மரத்துக்காகத் தெருவையே தொந்தரவு செய்வீர்களா என்று அவரிடம்தான் கேட்டார்கள். வாத்தியாரின் மனைவி பூவும் பிஞ்சுமாக நின்ற மரத்தை வெட்டுவதைப் பார்க்க மாட்டாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெட்டி முடித்து, கிளைகளை இழுத்துப் போட்ட பிறகு அப்பா சுவிட்சைப் போட்டார். அதற்கு முன்னால், பிஞ்சுகளை ஒரு கட்டாகக் கட்டி எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொன்னார். அம்மா அதைச் சாம்பாரில் போட்டாள். அப்பா ஒவ்வொரு பிஞ்சாக எடுத்துச் சவைத்து, சக்கையைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினார். நானும் சாப்பிட்டேன். வேறு குழம்பு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை பேங்கில் வேலை. விசாரணை நடந்த அதே முன்னறையில், பெண் பார்க்க வந்தவர்களுக்கு நான் காப்பி கொண்டுபோனேன். இதற்கு முன்னால் எனக்கு இரண்டு இடம் வந்து போயிருந்தது. அவர்களில் யாரும் என்னிடம் பேசியதில்லை. இவன் டம்ளரைத் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்த்து, "நீங்க போட்டதா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "எங்க வீட்ல இப்படி வராது" என்றான். அவனுடைய அக்கா அவன் தொடையில் கிள்ளினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரு வீட்டில் இப்படிக் கிள்ளிச் சிரித்துக்கொள்வார்கள் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. அவர்கள் போன பிறகு அவன் குடித்த டம்ளரை நான் கழுவாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொன்னவர்கள் போடவில்லை. தரகர்தான் வந்தார். நிற்பதா உட்கார்வதா என்று தெரியாமல் நாற்காலி நுனியில் இருந்துகொண்டு, "அவுகளுக்குத் தோது இல்லையாம்" என்றார்.

"பொண்ணப் பிடிக்கலையா?"

"பொண்ணு பேர்ல ஒண்ணும் இல்ல. தெருவுல விசாரிச்சிருக்காவ."

"யாரு என்ன சொன்னா?"

தரகர் இழுத்தார். அப்பா விடவில்லை. கடைசியில் அவர் சொன்னார், தெருவில் யாரும் குறையாக ஒன்றும் சொல்லவில்லையாம். மெயின் ரோட்டு எஸ்.டி.டி. பூத்தில் ஊருக்குப் போன் பேச நின்றபோது அங்கே இருந்த பொம்பளையிடம் முக்கு வீட்டுக்காரர் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள்.

பூத்தில் இருந்தது யார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். எங்கள் தெரு கைவிட்டுப் போனதைப் பார்த்து அடுத்தடுத்த தெருக்களும் போய், அவள் டிஷ்ஷைக் கொழுந்தனிடமே விற்றுவிட்டு அந்த பூத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

அப்பா எழுந்து போய் சுவிட்சை அணைத்தார்.

மறுநாள் காலை, தபால் ஆபீசுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் பூத்துக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று சரியாகத் தெரியவில்லை. அவள் சொல்லியிருக்க மாட்டாள் என்று அவள் வாயால் கேட்க விரும்பினேன் போலிருக்கிறது. கண்ணாடிக் கதவுக்குள் ஒரு ஆள் சவூதிக்குச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான். அவள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"அக்கா, அம்பாசமுத்திரத்துக்காரங்ககிட்ட நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"சொன்னேன்," என்றாள்.

அவளே தொடர்ந்தாள். "அந்தப் பையனோட மாமா கேட்டாரு, எப்படிப்பட்ட மனுஷன்னு. ஒரு மரம் வெட்டுறதுக்காகத் தெருவையே அணைச்சுப் போட்ட மனுஷன், சம்பந்தம் பண்ணினா ஒங்க வீட்டு வெளக்கையும் இங்கன இருந்தே அணைப்பாருன்னு சொன்னேன். அப்புறம் என்னக் கூட்டி வச்சுக் கேட்டாருல்லா, அதையும் சொன்னேன். எல்லாம் உள்ளதுதான்."

"நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல." அவள் குரலில் கோபமே இல்லை. "ஒன் மேல எனக்கு ஒரு இது கிடையாது தங்கச்சி. ஒங்கம்மா தண்ணி குடுத்தாவ, அதையும் மறக்கல. ஆனா ஒங்கப்பாவ அடிக்க எனக்கு எங்கயுமே எடம் கிடைக்கல. தேடிப் பாத்துட்டேன். நீதான் கெடச்ச."

உள்ளே இருந்தவன் பேசி முடித்துக் கதவைத் திறந்தான். அவள் மீட்டரைப் பார்க்கத் திரும்பினாள். நான் வெளியே வந்தேன். ரோட்டில் திருச்செந்தூர் போகிற பஸ் ஒன்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அவள் மேல் ஆத்திரம் வரும் என்று நடந்துகொண்டே காத்திருந்தேன். வரவில்லை. வீட்டு கேட்டைத் திறக்கும்போது வந்தது, அழுகை. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். முன்னறையில் கொழுந்தன் அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"ஒன் மைனிக்கு வாய் நீளம்," என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். "அவ அங்கன இருக்க வரைக்கும் ஒன் பெட்டி இங்கன இருக்காது."

"நான் பாத்துக்கிடுதேன் ஐயா."

அவன் அடிக்கவில்லை, உடைக்கவில்லை. பூத் முதலாளியிடம் தனியாகப் போய்ப் பேசியிருக்கிறான். அன்று மத்தியானமே முதலாளி அவளை நிறுத்திவிட்டார். அவள் தங்கியிருந்தது புருஷன் கட்டிய வீட்டு மாடி அறை, கீழே மாமியாரும் இவன் குடும்பமும். அங்கேயும் அவளுக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மகனைச் சாகக் கொடுத்தது யார் என்று ஊரைக் கூட்டி விசாரித்தாயிற்றே, இனி என்ன என்று மாமியார் கேட்டாளாம். அவளுடைய டிரங்குப் பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டுபோய் அவனே களக்காட்டு பஸ்ஸில் ஏற்றினான். அவள் பிறந்த ஊர் அந்தப் பக்கம். பாய் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, டிக்கெட் எடுக்கச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாளாம். அதற்குப் பிறகு அவளைப் பற்றி எதுவும் கேள்விப்படவில்லை. அம்மா ஒருமுறை பாயிடம் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை.

அப்பாவின் ஆபீஸ் அந்த வருஷக் கடைசி வரைக்கும் நடந்தது. அதற்குள் பின் தெருவிலும் வீடுகள் வந்துவிட்டன. ஒரு நாள் கொழுந்தன் ஏணியோடு வந்து மாடியேறிப் பெட்டியைக் கழற்றினான். "பின்னால இருந்து புது லைன் கொண்டாந்துட்டேன் ஐயா. இனிமே ஒங்களுக்குத் தொந்தரவே இல்ல" என்றான். ஐயா என்பதை அழுத்திச் சொன்னான். அப்பா சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், அணைத்துப் பார்த்தார். தெருவில் எந்தக் கதவும் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் வாத்தியார் வீட்டில் டிவிச் சத்தம் எங்கள் சுவரைத் தாண்டிக் கேட்டது. அடுத்த நாளும் கேட்டது. அதற்கப்புறம் அந்தச் சத்தத்தை அவர் குறைக்கவே இல்லை. அப்பா அந்தப் பக்கத்து ஜன்னலை ஆணி அடித்துச் சாத்தினார். தெருவில் எவரும் அவருக்கு வணக்கம் சொல்வதில்லை. எங்களுக்கும் சொல்வதில்லை. கோயில் வரிக்கு ஆள் வந்தால் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த இடங்கள் எல்லாம் மெயின் ரோட்டில் விசாரித்ததோடு திரும்பின. கடைசியில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு உப்பு வியாபாரிக்கு என்னைக் கொடுத்தார்கள். அவருக்கு நாற்பத்து மூன்று வயது. முதல் மனைவி இறந்துபோயிருந்தாள். இரண்டாம் தாரமாகப் போவதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. சம்மதம் சொன்ன அன்று அப்பா, "அவுக விசாரிக்கவே இல்ல. கௌரவமான ஆளுங்க" என்றார்.

கல்யாணம் டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அப்போதெல்லாம் கேபிள்காரர்கள் உள்ளூர் கல்யாண வீடியோக்களைத் தங்கள் சொந்தச் சானலில் போடுவார்கள். கொழுந்தனுடைய ஆட்களே வந்து படம் எடுத்தார்கள். அப்பா ஏற்பாடு செய்தது. அடுத்த வாரம் அது அந்தக் காலனி முழுவதும் ஓடியது. நான் அப்போது தூத்துக்குடியில் இருந்தேன். போனில் அம்மா சொன்னாள், தெருவில் எல்லாரும் பார்த்தார்களாம். மாப்பிள்ளையின் தலைச்சாயம் வேர்வையில் கரைந்து காதோரம் இறங்கியதைக் கேமரா கிட்டப் போய்க் காட்டியிருக்கிறது. வாத்தியார் வீட்டில் சிரித்தது எங்கள் வீட்டுக்குக் கேட்டதாம்.

"அப்பாவும் பாத்தாங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தாவ. முடிஞ்ச பொறவு கேபிள்காரனுக்குப் போன் போட்டு இன்னொரு தடவ போடச் சொன்னாவ."

அம்மா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்து என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். கல்யாணமான முதல் நாளில் இருந்தே அவர் ஒரு தடவைதான் கூப்பிடுவார், இரண்டாவது தடவை கூப்பிட மாட்டார். நான் போனை வைத்துவிட்டுப் போனேன்.